ஆறாவது மேடையில் விட்ட ஆணி

அண்ணன் அன்றைக்கு அவளிடம் கடைசியாகக் கேட்டது ஒரு முழம் நூல்.

பகல் ஒன்றேகால் மணி. அவள் தன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்ற தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நகராட்சிக்குச் சொந்தமான ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் அது. பெரிய மனிதர்கள் எட்டிப் பார்க்காத இடம். சலூன் வைத்திருப்பவர், வாத்தியார், மருந்துக்கடைக்காரர், பஸ் ஓட்டுகிறவர் என்று வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைக்கிறவர்கள் அந்த ஒருநாளைக் கொண்டுவந்து இந்தப் புல்லில் கொட்டுவார்கள். அவர்களை வரிசைப்படி வெளியே அனுப்புவது, திரும்பி வந்தவர்களின் பெயருக்கு நேரே டிக் போடுவது, இடி கேட்டால் சங்கு ஊதுவது: இந்த மூன்றும் அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். எல்லாரும் ஸ்டார்ட்டரம்மா என்பார்கள். அண்ணன் மட்டும் குட்டி என்பான். குட்டிக்கு நாற்பத்தாறு வயது.

"எதுக்கு நூலு?"

"ஆணி கட்டத்தான். பழசு நைஞ்சுபோச்சு."

முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி நிறுத்துகிற சின்ன முளைக்கு டீ என்று பெயர். குடிக்கிற டீயோடு குழப்பம் வேண்டாமென்று அந்த மைதானத்தில் எல்லாரும் அதை ஆணி என்றே சொன்னார்கள். அவள் ஜன்னல் விளிம்பில் இரண்டு டப்பா இருக்கும். ஒன்றில் மர ஆணி, இன்னொன்றில் பிளாஸ்டிக் ஆணி. அந்த இரண்டு டப்பாவால் மைதானமே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

மர ஆணிக் கட்சிக்குத் தலைவர் சலூன்காரர். மரம் மட்டையின் முகத்தைக் கீறாது, உடைந்தாலும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும் என்பது அவர் வாதம். பிளாஸ்டிக் கட்சிக்கு அண்ணன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது மாடியில் போய் ஏழு தடவை கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகுதான் எட்டாவது மாடி ஏறுகிற ஆள். ஆட்டத்திலும் அப்படித்தான். அவனுடைய ஆணி ஆரஞ்சு நிறம். அதன் இடுப்பில் ஒரு படி இருக்கும். அந்தப் படிவரை குத்தினால், ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற எந்த மேடையிலும் பந்து ஒரே உயரத்தில் நிற்கும். அடித்ததும் பறந்துபோய்த் தொலையாமலிருக்க, அதை நூலால் ஒரு குட்டை ஆணியோடு கட்டி, குட்டையை மண்ணுக்குள் முழுசாக அழுத்திவிடுவான். நாலு வருஷமாக ஒரே ஆணி.

"ஆணியக் கயிறு கட்டி மேய்க்கிற ஒரே ஆள் இந்த உலகத்துல நீதான்டா லிஃப்ட்," என்றார் பின்னால் நின்ற சலூன்காரர். "ஆணின்னா ஒடையணும். அடிச்சேன், ஒடைஞ்சுது, போயிக்கிட்டே இருந்தேன். திரும்பிப் பாக்கக் கூடாது."

"ஒரு ஆட்டத்துக்கு ஏழு ஆணி ஒடைக்கிறவன் ஆட்டக்காரன் இல்லடா. வெறகுவெட்டி."

"ஸ்டார்ட்டரம்மா, கேட்டீங்களா உங்க அண்ணன் பேச்ச? நாளைக்கு முடி வெட்ட எங்கிட்டதான வரணும். அப்பக் காட்டுறேன் வெறகுவெட்டிய."

டிராக்டரிலிருந்து இறங்கிய புல்வெட்டிக்காரரும் தன் பங்குக்கு நுழைந்தார். "மர ஆணின்னா என் மிஷினு மென்னு துப்பிரும். பிளாஸ்டிக்னா கத்திக்குப் பல்லு போயிரும். என் ஓட்டு மரத்துக்குத்தான்."

"மட்டையவே தொடாதவனுக்கு ஓட்டு கெடையாது," என்றான் அண்ணன்.

அவர்கள் இருவரோடும் சேர்ந்து ஆடுகிற மூன்றாவது ஆள் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். எந்தக் கட்சியிலும் சேராமல், கீழே கிடக்கிற ஆணி எதுவானாலும் பொறுக்கிக் குத்திக்கொள்வார். சட்டைப் பையில் பாதி மரமும் பாதி பிளாஸ்டிக்குமாக வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றார்.

அவள் பார்சல் கட்டின சிவப்பு நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்து, தானே இரண்டு ஆணியையும் சேர்த்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள்.

"இது அத்துப்போகாது."

அண்ணன் இழுத்துப் பார்த்தான். "லிஃப்ட்டே தொங்கவிடலாம் போல," என்றான். மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். போகும்போது பின்னால் காத்திருந்தவர்களிடம், "எந்தங்கச்சிக்கு எங்களுக்கெல்லாம் சங்கு ஊதுறதுதான் உத்தியோகம், பாத்துக்குங்க," என்றான். எப்போதும் சொல்கிற ஜோக்தான். ஒருவர் சிரித்தார், ஒருவர் சிரிக்கவில்லை. அவள் தாளில் ஒன்று இருபத்தெட்டு என்று எழுதினாள்.

மூன்று மணிவரை வானத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் காற்று நின்றது. கொடிக்கம்பங்களில் ஆடிக்கொண்டிருந்த துணிகள் ஈரத்துணி மாதிரி தொங்கின. மேற்கே குன்றுக்குப் பின்னால் ஒரு கருப்பு வந்து உட்கார்ந்திருந்தது. மேகம் என்று சொல்ல முடியாத அளவுக்கு அது அசையாமல் இருந்தது. மூன்று ஆறுக்கு, யாரோ பக்கத்து அறையில் மேசையை நகர்த்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அவள் யோசிக்கவில்லை. மேசைக்கடியில் இருந்த பொத்தானை அழுத்தினாள். ஒரு நீண்ட சங்கு. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் கொட்டகைக்குள் போ என்று அதற்கு அர்த்தம். வெளியே பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

மைதானத்தில் இருந்த மூன்று கொட்டகைகளுக்கும் போய் ஆட்களை ஏற்றிவருவது புல்வெட்டிக்காரரின் பொறுப்பு. மேலே கூரையில்லாத டிரெய்லரைக் கோத்துக்கொண்டு அவர் கிளம்பினார். இடி தூரத்தில் இருக்கும்போதே ஒரே சுற்றில் எல்லாரையும் கொண்டுவந்துவிட வேண்டும். இடி கிட்டே வந்துவிட்டால் டிராக்டரும் வெளியே போகக்கூடாது, ஆளும் போகக்கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆன பிறகுதான் கதவைத் திறக்கலாம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து முப்பது. அந்த விதி கண்ணாடிச் சட்டம் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கியது. வருஷத்துக்கொரு முறை அவளைப் பயிற்சிக்கு அழைத்து அதைப் படிக்கவைத்துக் கையெழுத்து வாங்குவார்கள்.

மூன்று இருபத்திரண்டுக்கு மழை வந்தது. துளித்துளியாக வரவில்லை. ஒரே கொட்டாகக் கொட்டியது. இரண்டு நிமிஷம் கழித்து டிராக்டர் வந்து நின்றது. தலையில் துண்டும் பையுமாக ஆட்கள் குதித்து உள்ளே ஓடிவந்தார்கள். அவள் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். மருந்துக்கடைக்காரர். அவர் மச்சான். பஸ் ஓட்டுநர். வாத்தியார். சலூன்காரர். பதினெட்டு டிக் ஆனதும் பென்சில் நின்றது.

"லிஃப்ட் எங்கம்மா?" என்று சலூன்காரர் கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள். "உங்ககூடத்தான வெளிய போனாரு?"

"இங்க வந்துட்டான்ல?"

"இல்லையே."

சலூன்காரர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் நின்றார். வாத்தியார்தான் சொன்னார்.

"ஆறாவது மேடையில அடிச்சுட்டு நாங்க கொடியப் பாத்து நடந்துக்கிட்டு இருந்தோம்மா. அப்பத்தான் சங்கு. கொட்டகைக்குள்ள போயி உக்காந்தோம். டிராக்டர் வந்து ஏறப்போற நேரத்துல பையைத் தட்டிப் பாத்தாரு. ஆணிய மேடையிலயே விட்டுட்டேன்னாரு. நீங்க சுத்திப் போறதுக்குள்ள நான் எடுத்துக்கிட்டு பாலத்து வழியா நடந்தே வந்துருவேன், உங்களுக்கு முன்னாடி அங்க நிப்பேன்னாரு."

"நீங்க விட்டுட்டீங்களா?"

"அப்ப ஒரு சொட்டு மழை இல்லம்மா. இடியும் அந்தாண்ட எங்கயோ..."

அது பொய்யில்லை. ஆறாவது மேடையிலிருந்து வாய்க்கால்மேல் இருக்கிற நடைபாலம் வழியாக வந்தால் அவர்கள் நிற்கிற கிளப் கட்டடம் பக்கம்தான். டிராக்டர் அந்தப் பாலத்தில் ஏறாது. மைதானத்தையே சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அண்ணன் கணக்குப் போட்டது சரிதான். மழை மட்டும் கணக்கில் இல்லை.

மர ஆணிக்காரன் எவனும் திரும்பிப் போயிருக்கமாட்டான். உடைந்ததற்காக யார் போவார்கள்? தொலைந்தால்கூட டப்பாவில் கைவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்வான். நூல் அறுந்து ஆணி எங்காவது பறந்திருந்தால் அண்ணனும், போனால் போகிறது என்று விட்டிருப்பான். அது அங்கேயேதான் நிற்கும், போனால் கட்டாயம் கிடைக்கும் என்று தெரிந்ததால்தான் போனான். இரண்டு முடிச்சு. போட்டவள் அவள்தான்.

மின்னல் வெட்டியது. வாத்தியார் தன்னையறியாமல் வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். "ஒன்னு, ரெண்டு, மூணு..." ஒன்பதில் இடி கேட்டது.

"மூணு கிலோமீட்டர்," என்றார்.

"எண்ணாதீங்க வாத்தியாரே," என்றார் சலூன்காரர். கதவை நோக்கி நடந்தார். "பாலத்துக்கிட்டதான் எங்கயாச்சும் ஒதுங்கி நிப்பான். நான் போயிக் கூட்டியாந்துர்றேன்."

அவள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். எப்படி வந்தாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகமில்லை. கதவுக்கு முன்னால் நின்றாள். சாவியைத் திருப்பினாள். எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"போகக் கூடாது."

"அஞ்சு நிமிஷ வேலைம்மா."

"கூடாது."

கதவிலிருந்து பார்த்தால் பாலம் தெரியாது. தரை அந்தப் பக்கம் சரிந்து இறங்கும். மழையில் அந்தச் சரிவுகூடத் தெரியவில்லை. சலூன்காரர் கண்ணாடியில் கையை வைத்து எட்டிப் பார்த்தார். "டேய் லிஃப்ட்!" என்று உள்ளிருந்தே கத்தினார். அது யாருக்கும் கேட்டிருக்காது.

இன்னொரு மின்னல். வாத்தியார் சத்தமில்லாமல் விரலை மடக்கினார். ஆறு.

"உங்க அண்ணன்மா அவன்!" சலூன்காரர் அவள் பக்கம் திரும்பினார். "பெத்தவங்க இல்லாத வீட்ல உன்னத் தோள்ல தூக்கிச் சுமந்தவன்! கல்லா நீ?"

பதினேழு பேரும் அவளைப் பார்த்தார்கள். பஸ் ஓட்டுநர் கையில் கார் சாவியை ஆட்டிக்கொண்டே, "காருக்குள்ள இருந்தா ஒன்னும் ஆகாதும்மா, நான் வேணா..." என்று இழுத்தார்.

"அந்தப் பக்கம் ரோடு ஏது?" என்றார் புல்வெட்டிக்காரர். "சேத்துல எறங்குனா வண்டி அச்சுவரைக்கும் புதைஞ்சிரும். அப்புறமும் சரிவுல எறங்கி நடக்கத்தான் வேணும்."

"அண்ணன்தான்," என்றாள் அவள் சலூன்காரரிடம். "எனக்குத் தெரியாதா? பத்தொம்பது பேரு வெளிய போனாங்க. பதினெட்டு உள்ள வந்தாச்சு. அதப் பதினேழாக்க என்னால முடியாது."

"முடியாதா? தெற கதவ!"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. எத்தனையோ தலைகளை நோகாமல் திருப்பிய கை அது. அவள் விரல்களைப் பிரிக்கவில்லை. சாவியின் பல் உள்ளங்கையில் இறங்கியது.

அப்போதுதான் அந்த இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் வாத்தியார் ஒரு விரலைக்கூட மடக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. ஜன்னல் விளிம்பிலிருந்த டப்பாக்கள் இரண்டும் கீழே விழுந்து ஆணிகள் தரையெங்கும் உருண்டன. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். அது தன் குரலாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சலூன்காரர் அவள் கையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அப்படியே சறுக்கி உட்கார்ந்து தலையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தொன்று.

வாத்தியார் அவள் மேசைக்குப் போய், நேரத் தாளைத் திருப்பிப்போட்டு, அவள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு இடியின் நேரத்தையும் எழுத ஆரம்பித்தார். 3.31. 3.34. 3.35. ஒவ்வொன்றுக்கும் முப்பது நிமிஷம் பின்னால் தள்ளிப்போனது.

அவள் பயம் வயிற்றில் இல்லை, காலில் இருந்தது. கால் இரண்டும் சரிவை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதுபோல நடுங்கின. உடம்பு மட்டும் கதவில் சாய்ந்து நின்றது. பயிற்சியில் கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது. மின்னல் தாக்கியவர் செத்ததுபோல் கிடப்பார், ஆனால் முதல் சில நிமிஷங்களுக்குள் நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதினால் பலர் பிழைப்பார்கள். அந்த வரி அவளுக்குப் பக்கத்தோடு ஞாபகமிருந்தது. இரண்டாம் பக்கம், அடியிலிருந்து மூன்றாவது வரி. அதைச் சத்தமாகச் சொன்னால் சலூன்காரர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய்விடுவார். அவள் சொல்லவில்லை.

போன் மணியடித்தது. மருந்துக்கடைக்காரர் எடுத்து நீட்டினார். அண்ணி.

"என்னடி இது, வானமே இடிஞ்சு விழுது! உங்கண்ணன் உள்ள வந்துட்டாரா?"

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் தானாகவே பேசியது.

"வந்துட்டாரு அண்ணி."

"அப்பாடி. அவர்ட்ட குடு."

"கை கழுவப் போயிருக்காரு."

"சரி சரி. மழை விட்டதும் வரச் சொல்லு. குறுக்கு வழியில வரவேணாம்னு சொல்லு, அங்க வழுக்கும்."

"சொல்றேன்."

போனை வைத்தாள். சலூன்காரர் முழங்காலிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவரும் பயந்து போயிருந்தார். அவளைப் பார்த்தே பயந்திருந்தார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஒரு இடி. அதையும் வாத்தியார் எழுதினார். அதற்குப் பிறகு மழை இளைத்தது. வெளியே சரிவின் விளிம்பு தெரிந்தது. அதில் யாரும் ஏறி வரவில்லை. மழை நின்ற பிறகும் ஏறி வரவில்லை. அதுவரை எங்கோ ஒதுங்கி நிற்கிறான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. சத்தம் ஓய்ந்து, வெயில் லேசாக அடித்து, குருவி ஒன்று தண்டவாளம்போல் நீண்ட ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தபோது, அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. இடி இடித்தபோதைவிட அந்த அமைதியில்தான் அவளுக்கு அதிகம் உதறியது.

நாலு மணி. நாலு பத்து. நாலு இருபது. கடிகாரத்தின் பெரிய முள் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் லேசாக ஒரு துள்ளு துள்ளும் என்பது பதினோரு வருஷத்தில் அன்றுதான் அவள் கண்ணில் பட்டது.

நாலு இருபத்தாறுக்கு, முப்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, வெகு தூரத்தில் மறுபடி ஒரு உறுமல். கேட்டும் கேளாததுமாக. எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். விதிப்படி மறுபடி ஒன்றிலிருந்து முப்பது.

வாத்தியார் பென்சிலைக் கீழே வைத்தார். "எனக்கு எதுவும் கேக்கல," என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். "மத்தவங்க யாரும் வெளிய வரக் கூடாது," என்று சொன்னாள். அது யாருக்கு என்று சொல்லவில்லை. சலூன்காரரும் புல்வெட்டிக்காரரும் அவளுக்கு முன்னால் ஓடினார்கள்.

அண்ணன் பாலத்தைத் தாண்டி, இந்தப் பக்கத்துக் கரை மரத்துக்கடியில் கிடந்தான். தலை கிளப்பைப் பார்த்து. ஒரு காலில் ஷூ இல்லை. அது நாலு அடி தள்ளி, நாடா கட்டினபடியே, உள்ளே தண்ணீர் நிறைந்து நின்றது. மரத்தின் பட்டை மேலிருந்து கீழ்வரை ஒரு நீளக் கோடாக உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. சலூன்காரர் போன வேகத்தில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அவருக்கு அது தெரியாது. தப்புத்தப்பாகத்தான் அழுத்தினார். அவள் அவரை விலக்கிவிட்டுத் தாளில் இருந்தபடி செய்தாள். முப்பது அழுத்தம், இரண்டு ஊதல். முப்பது, இரண்டு. உதடு குளிர்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து தோளைத் தொட்டு, "போதும்மா," என்று சொல்லும்வரை செய்துகொண்டேயிருந்தாள்.

ஆரஞ்சு ஆணி அவன் கால்சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். மழையைப் பார்த்து மரத்தடியில் நின்றிருக்கிறான். மின்சாரத்தோடு முப்பது வருஷம் பழகிய மனிதன்.

ஆஸ்பத்திரியில் அண்ணி வருவதற்கு முன்னால் சலூன்காரர் நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார். அண்ணனின் இடது காதுக்குப் பின்னால் முடி கருகிச் சுருண்டிருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். மேலே இருந்ததைத் தண்ணீர் தொட்டுச் சீவி மறைத்தார். எடுத்த முடியை ஊதித் தள்ளாமல் உள்ளங்கையில் சேர்த்து, காகிதத்தில் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

டாக்டர், "ஒடனே போயிருப்பாரு. ஒன்னும் தெரிஞ்சிருக்காது," என்றார். எந்த இடி என்று அவள் கேட்கவில்லை. வாத்தியார் எழுதிய தாளில் மூன்று முப்பத்தொன்றிலிருந்து பதினோரு இடி இருந்தன. முதல் இடி என்றால், சலூன்காரர் மணிக்கட்டைப் பிடித்துக் கெஞ்சின நிமிஷத்தில் அண்ணன் உயிரோடு மரத்தடியில் நின்று, மழை விடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி இடி என்றால், அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அவள் கதவில் சாய்ந்து நின்றிருக்கிறாள். நடுவில் எதுவாக இருந்தாலும் அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. எல்லாக் கணக்கையும் அவள் போட்டாள். சமைக்கும்போது போட்டாள். துணி மடிக்கும்போது போட்டாள்.

பத்து நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், அண்ணி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கை கழுவப் போயிருக்காருன்னியே."

"பயத்துல சொன்னேன் அண்ணி."

"நான் போன வச்சுட்டுக் காபி போட்டேன்டி. மழையப் பாத்துக்கிட்டே ஆற அமரக் குடிச்சேன். பாட்டு வேற போட்டிருந்தேன்." அண்ணி அழவில்லை. "அதுக்காக உன்னத் திட்டணுமா, கும்புடணுமான்னு எனக்குத் தெரியல."

எழுந்துபோகும்போது அண்ணியின் கை லேசாக அவள் தலையில் பட்டது. வேண்டுமென்றே பட்டதா, புடவையைச் சரிசெய்யும்போது பட்டதா என்று தெரியவில்லை. அதையும் அவள் கேட்கவில்லை.

மைதானத்துக் கமிட்டி கூடியது. இனி பிளாஸ்டிக் ஆணியே வேண்டாம், மர ஆணி மட்டும் என்று தீர்மானம் போடலாம் என்றார் ஒருவர். திரும்பி எடுக்கப்போகிற ஆசையே வராது பாருங்கள் என்றார். பலர் தலையாட்டினார்கள். மர ஆணிக் கட்சித் தலைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார்.

"பிளாஸ்டிக் என்னய்யா பண்ணுச்சு?" என்றார். "எனக்குப் புடிக்காதுதான். மட்டையக் கீறும், பாக்க அசிங்கமா இருக்கும், எல்லாம் சரி. ஆனா அவன் நாலு வருஷமா அதுலதான் ஆடுனான். அவன் செத்ததும் என் கட்சிய ஜெயிக்க வைக்காதீங்க. எனக்கு வேணாம் அந்த ஜெயிப்பு." உட்காரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "கதவப் பூட்டுனதும் சரிதான்," என்றார். "அன்னிக்கு எனக்குத் தெரியல."

அவள் குறிப்பேட்டில் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். தீர்மானம் கைவிடப்பட்டது என்று மட்டும் எழுதினாள்.

சலூன்காரர் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. சரி என்று அவர் சொன்னார், கமிட்டி சொன்னது, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த தாளும் சொன்னது. கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கே ஒரு கையகலத்துக்குக் கருத்தால்கூட முழங்காலுக்குக் கீழே நடுக்கம் வந்துவிடும். இப்போதும் முதல் உறுமலிலேயே சங்கு ஊதுகிறாள். இப்போதும் டிக் போடுகிறாள். யாராவது ஒருவர் மழையில் கொஞ்சம் பிந்தினால் போதும், அவர் உள்ளே வரும்வரை அவள் மூச்சு பாதியிலேயே நிற்கும். வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே ஜோக் அடிப்பார். அவள் அவர் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்து நிற்பாள்.

சில நாள் காலையில், ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்னால், கதவைத் திறந்து வெளியே வந்து சரிவில் இறங்குவாள். அடியை எண்ணிக்கொண்டே நடப்பாள். முதல் தடவை எண்ணியதில் தப்பிருக்கும் என்று மறுநாள் எண்ணினாள். ஈரத்தில் எண்ணினாள், காய்ந்த தரையில் எண்ணினாள். அடியை எட்டிப் போட்டும் ஒரு நாள் பார்த்தாள். ஆனால் அது ஏமாற்று என்று திரும்பிப் போய் ஒழுங்காக நடந்தாள்.

கதவிலிருந்து அந்த மரத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி.